கத்தும் பிரேக்கும் கத்தாத பிரேக்கும்

கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் சோளிங்கரை அடுத்த கொண்டபாளையத்தில் கூட்டம் நிரம்பி வழியும். 1305 படிகளேறி யோக நரசிம்மரைத் தரிசிக்க வருவோரின் வண்டிகள் மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கும். அப்படி ஒரு ஞாயிறன்று நண்பர் ஒருவரின் சிறிய காரில் நானும் சென்றிருந்தேன். பத்து ஆண்டு ஓடிய வண்டி. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரங்கள் 'கிரீச்' என்று கத்தும். சாலையில் போவோர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சம் தாளாமல் நண்பர் சில மாதங்களுக்குள் இரண்டு முறை முன் பிரேக்கின் பேட்களை மாற்றியிருந்தார். கத்தல் மட்டும் நின்றபாடில்லை.

சற்றே சரிவான ஓரிடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினோம். பத்தடி நடந்திருப்போம். "சார், வண்டி நகருது சார்!" என்று ஒரு குரல். திரும்பினால் கார் தானாகப் பின்னோக்கி உருண்டுகொண்டிருந்தது. குரல் கொடுத்த பூக்கார அம்மாள் எழுந்து விலகிக்கொண்டார். அவருடைய கூடை சக்கரத்தின் கீழ் நசுங்கியது. யாரோ ஒரு புண்ணியவான் கல்லொன்றை எடுத்துச் சக்கரத்தடியில் போட்டு வண்டியை நிறுத்தினார். அந்த அம்மாள் ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுதவும் மனம் வரவில்லை.

மறுநாள் பின்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். ஷூக்களின் மேலுள்ள லைனிங் தாளளவே மிஞ்சியிருந்தது. இடைவெளியைச் சரிசெய்யும் பல்சக்கரம் துருவேறி இறுகிக் கிடந்தது. ஆனால் இத்தனை மாதங்களில் பின் பிரேக்குகள் ஒரு சிறு ஓசைகூட எழுப்பியதில்லை. கத்திய பிரேக்குக்கு இரண்டு முறை செலவு செய்தோம். கத்தாத பிரேக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரேக் எழுப்பும் ஓசைகள் என்ன சொல்கின்றன? ஓசையே எழுப்பாத பின் பிரேக்கின் நிலையை அறிவது எப்படி? இவ்விரண்டையும் பௌதிகத்தின் துணைகொண்டு இங்கே காண்போம்.

ஆற்றல் எங்கே போகிறது?

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அது நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் கிடைப்பது. ஆட்களோடு சேர்த்து 900 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். கணக்கிட்டால் அதன் இயக்க ஆற்றல் 1,25,000 ஜூல் என்று வரும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த இது போதும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி நிற்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் வேறொரு வடிவம் எடுத்தாக வேண்டும். பிரேக் என்பது இயக்க ஆற்றலை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றும் ஒரு கருவி, வேறொன்றும் இல்லை.

மலைப்பாதையில் இந்த வேலை பன்மடங்காகிறது. வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு ஏலகிரி மலைப்பாதையும் அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளும் பழக்கமானவை. மேற்சொன்ன கார் மலைப்பாதையொன்றில் செங்குத்து உயரத்தில் 500 மீட்டர் இறங்கினாலே 44 லட்சம் ஜூல் நிலையாற்றல் வெளிப்படும். மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 35 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு இது சமம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். சுமையில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொண்டால் பிரேக் அந்த அளவுக்குச் சூடேறாது.

பழைய செருப்பிலிருந்து டிஸ்க் வரை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரத்தில் வாழும் நமக்கு ஒரு செய்தி சுவையாக இருக்கும். பிரேக் லைனிங்கின் முன்னோடிகளில் ஒன்று தோல்தான்! இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் குதிரைவண்டிக்காரர்கள் சரிவுகளில் இறங்கும்போது சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டையில் பழைய செருப்புத் தோலை ஆணியடித்துப் பொருத்தி வந்தனர். மரத்தைவிடத் தோல் நன்றாகப் பற்றியது. இதைக் கண்ட ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதைவிடச் சிறந்த உராய்வுப் பொருளைத் தேடி 1897இல் தொடங்கிய தொழிலே பின்னாளில் ஃபெரோடோ என்ற பெயரில் புகழ்பெற்றது.

தோலுக்கு ஒரு குறை உண்டு: சூடேறினால் கருகிவிடும். மோட்டார் வண்டிகளின் வேகம் கூடியபோது வெப்பம் தாங்கும் பொருள் தேவைப்பட்டது. 1902இல் இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் உலோகத் தட்டின் மேல் செம்பை அழுத்தினார். வண்டி நின்றது, ஆனால் காது கிழியும்படி கத்தியது! டிஸ்க் பிரேக்கும் கத்தலும் ஒன்றாகவே பிறந்தவை எனலாம். சில ஆண்டுகளில் கல்நார் கலந்த லைனிங் வந்து அக்கத்தலை அடக்கியது. அதே 1902இல் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். மழையும் சேறும் எளிதில் புகாத டிரம்மே அடுத்த ஐம்பது ஆண்டுகள் கோலோச்சியது. 1953இல் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்ற பின்னரே டிஸ்க் மீண்டும் தலைதூக்கியது. நம் நாட்டின் அம்பாசடர் கார் பல ஆண்டுகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குடனேயே ஓடியது.

இன்று நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பலவற்றுக்கு முன்னே டிஸ்க், பின்னே டிரம். ஏன் இந்தக் கலப்பு? பிரேக் போடும்போது நாம் முன்னோக்கிச் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் எடையும் அவ்வாறே முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. நமது 900 கிலோ காரில் நிற்கும்போது முன்சக்கரங்கள் 540 கிலோவும் பின்சக்கரங்கள் 360 கிலோவும் தாங்குவதாகக் கொள்வோம். பலமாகப் பிரேக் போட்டால் ஏறத்தாழ 120 கிலோ முன்னுக்கு மாறும். அப்போது முன்னே 660, பின்னே 240. எனவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. காற்றில் விரைவில் ஆறும் டிஸ்க் அங்கே பொருத்தம். பின்னே வேலை குறைவு; செலவும் குறைவு; ஹேண்ட் பிரேக்கை எளிதாக இணைக்கலாம் என்பதால் டிரம் அங்கே நிலைத்துவிட்டது.

ஓசை பிறக்கும் விதம்

முன்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டே டிஸ்க். காலிப்பர் என்னும் கவ்வி இருபுறமும் இரண்டு பேட்களால் அதைப் பற்றுகிறது. பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலான உராய்வுக் குணகம் பொதுவாக 0.3 முதல் 0.45 வரை இருக்கும். இந்த எண் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒட்டி நிற்கும்போது அதிகமாகவும், சறுக்கும்போது குறைவாகவும் இருக்கும். எனவே பேட் ஒரு கணம் ஒட்டுகிறது, டிஸ்க்கோடு சேர்ந்து மயிரிழை அளவு இழுபடுகிறது, பிறகு விடுபட்டுச் சறுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. வயலின் வில் தந்தியை இசைப்பதும், எண்ணெய் காணாத கதவுக்கீல் முனகுவதும் இவ்வாறே.

இந்த நடுக்கத்தின் அதிர்வெண், டிஸ்க்கோ காலிப்பரோ இயல்பாக அதிரும் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்படுகிறது. சிறு நடுக்கம் பெருகி டிஸ்க் முழுவதும் மணிபோல அதிரத் தொடங்கும். நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகள்! அதுவே 'கிரீச்'.

அப்படியானால் டிஸ்க்கை எதனால் செய்ய வேண்டும்? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். வெண்கலப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டினால் 'ணங்' என்று நெடுநேரம் ஒலிக்கும். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைத் தட்டினால் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் கார்பன் உண்டு. அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக இரும்பினுள் பரவிக் கிடக்கிறது. அதிரும் ஆற்றலை இச்செதில்கள் உள்ளேயே வெப்பமாக்கித் தின்றுவிடுகின்றன. டிஸ்க்கும் டிரம்மும் பெரும்பாலும் சாம்பல்நிற வார்ப்பிரும்பில் செய்யப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே கிராஃபைட் செதில்களாக இல்லாமல் சிறு உருண்டைகளாக அமையும்படி வார்த்தால் இரும்பின் வலு கூடும். காலிப்பர் போன்ற இழுவிசை தாங்கும் உறுப்புகளுக்கு இவ்வகை பயன்படுகிறது.

இந்தக் கலை நமக்கு அயலானதன்று. 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்பாலை சோளிங்கரில்தான் இருக்கிறது. தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை அந்த வார்ப்பாலைப் பிரிவு 2003இல் பெற்றது. நரசிம்மர் மலையின் ஊர் இரும்பு வார்ப்புக்கும் பெயர்பெற்ற ஊர் என்பது பலர் அறியாதது.

ஓசையைக் கொண்டு நோயறிதல்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல நாம் ஓசையைப் பார்க்கலாம். முக்கியமான கேள்விகள் மூன்று. எப்போது கேட்கிறது? எத்தகைய ஒலி? பெடலை மிதித்தால் மாறுகிறதா?

1. காலையில் முதல் இரண்டு மூன்று மிதிப்புகளில் மட்டும் 'கரகர': இரவுப் பனியாலோ மழையாலோ டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு தேய்படும் ஓசை இது. தானே மறைந்துவிடும். கவலை வேண்டாம்.

2. மெதுவாகச் செல்லும்போது லேசாக மிதித்தால் மட்டும் 'கிரீச்': மேலே சொன்ன ஒத்ததிர்வுதான். பேட்டின் முகம் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருக்கலாம். பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய தகடு விடுபட்டிருக்கலாம். பேட்டைப் பிடிக்கும் கம்பிச் சுருள் தளர்ந்திருக்கலாம். உடனடி ஆபத்து இல்லை. ஆனாலும் ஒரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது.

3. பெடலை மிதிக்காமல் ஓடும்போதே மெல்லிய கீச்சொலி. மிதித்தால் நிற்கிறது அல்லது மாறுகிறது: பல பேட்களில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து ஏறத்தாழ 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கை உரசிக் கத்தும். 'என்னை மாற்று' என்பதே அதன் பொருள். கேட்க வேண்டிய கத்தல் இது.

4. மிதிக்கும்போது அடித்தொண்டையில் 'கறகற': பேட் முற்றும் தேய்ந்து அதன் எஃகு முதுகே டிஸ்க்கை அராவுகிறது. உராய்வு குறைந்து, நிற்கும் தூரம் கூடிவிட்டது. வண்டியை ஓட்டலாகாது.

5. மிதித்த கணத்தில் 'டொக்' என ஒரு தட்டு: பேட் தன் இருப்பிடத்தில் தளர்ந்திருக்கலாம், காலிப்பரின் போல்ட் தளர்ந்திருக்கவும் கூடும். பின்னது உண்மையானால் ஆபத்து. உடனே பார்க்க வேண்டும்.

6. ஓசையில்லை, ஆனால் காலடியில் பெடல் துடிக்கிறது: டிஸ்க்கின் பருமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை. வேகத்தோடு சேர்ந்து துடிப்பும் கூடினால் இதுவே காரணம்.

7. திடீரென்று தோன்றும் தகரம் சுரண்டும் ஓசை: டிஸ்க்குக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இரு முன்சக்கரங்களில் ஒன்று மட்டும் அனல் வீசினால், அந்தப் பக்கத்துப் பேட் விடுபடாமல் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காலிப்பர் நழுவிச் செல்ல உதவும் ஊசிகள் உலர்ந்து இறுகியிருக்கும். கழற்றினால் உட்பக்கப் பேட் தேய்ந்தும் வெளிப்பக்கப் பேட் தேயாமலும் இருக்கும். நண்பரின் காரில் புதுப் பேட்களும் கத்தியதற்கு இதுவே காரணம். நோய் ஊசியில்; மருந்து பேட்டுக்கு!

கத்தலை நிறுத்துவது எப்படி?

முதலில் செய்யக் கூடாதது ஒன்று. கத்துகிறதே என்று டிஸ்க்கிலோ பேட்டின் முகத்திலோ எண்ணெயோ கிரீஸோ தடவலாகாது. கத்தல் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் ஊறிய பேட்டைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பேட்டின் இரு காதுகள் உட்காரும் இடங்களில் உள்ள துருவையும் கரியையும் தேய்த்து நீக்க வேண்டும். அவ்விடங்களிலும் பேட்டின் முதுகிலும் பிரேக்குக்கென்றே விற்கும் உயர்வெப்ப கிரீஸை மிக மெல்லியதாகப் பூசலாம். நழுவும் ஊசிகளுக்கு ரப்பர் உறையைக் கெடுக்காத கிரீஸ் இட வேண்டும். முதுகுத் தகடும் கம்பிச் சுருளும் தேய்ந்திருந்தால் புதியன பொருத்த வேண்டும். பேட்களை எப்போதும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுவிடும். எனவே பிரேக் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும், வாயால் ஊதுவதும், உலர்ந்த தூரிகையால் தட்டுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பட்டறைகளில் வேலை பழகும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

பின்சக்கரத்து டிரம்

இனி ஓசையெழுப்பாத பின் பிரேக்குக்கு வருவோம். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற வார்ப்பு டிரம். அதனுள்ளே பிறைவடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் மேலே உள்ள சிறு சிலிண்டரின் இரு பிஸ்டன்களும் ஷூக்களை விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றன. காலை எடுத்ததும் வில்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

டிரம்மில் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. சுழலும் டிரம் முன்புற ஷூவைத் தன்னோடு இழுத்துச் செல்ல முயல்கிறது. ஷூவின் கீழ்முனை ஊன்றியிருப்பதால் அதனால் நகர இயலாது. அந்த இழுப்பு ஷூவை டிரம்மின் மேல் மேலும் இறுக்குகிறது. கதவடியில் செருகிய ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவது போன்றதே இது. நம் கால் கொடுக்கும் விசைக்கு மேல் டிரம் தானே கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறது. வண்டி பின்னோக்கி உருண்டால் மற்ற ஷூ இந்த வேலையைச் செய்யும்.

டிஸ்க்கின் பேட்கள் டிஸ்க்கை ஒட்டினாற்போலவே இருக்கும். தேயத் தேயப் பிஸ்டன் முன்னேறி அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். டிரம்மில் அப்படியன்று. வில்கள் ஷூவை ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்கே இழுத்துவிடுவதால், லைனிங் தேயத் தேய இடைவெளி பெருகிக்கொண்டே போகும். ஓசை ஏதும் இராது. அதனால்தான் இடைவெளியைச் சரிசெய்ய இரு ஷூக்களுக்கும் நடுவே பல்சக்கரம் பொருத்திய ஒரு திருகு அமைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இந்த இடைவெளி கொஞ்சம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பின்சக்கரச் சிலிண்டர்களின் நான்கு பிஸ்டன்களும் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருப்பதாகக் கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 2.4 சதுர செ.மீ. என்றால், கூடுதலாகத் தேவைப்படும் பிரேக் ஆயில் ஏறத்தாழ 0.96 கன செ.மீ. இதைத் தர வேண்டிய தலைமைச் சிலிண்டரின் பரப்பு 3.14 சதுர செ.மீ. எனில், அதன் பிஸ்டன் 3 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடல் ஒரு நெம்புகோல். அதன் விகிதம் ஐந்துக்கு ஒன்று. ஆகவே கால் 15 மி.மீ. கூடுதலாக இறங்க வேண்டும். இரண்டு மி.மீ. ஆனால் மூன்று சென்டிமீட்டர்!

பின்னே தளர்ந்திருந்தாலும் முன் பிரேக் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாஸ்கல் விதிப்படி குழாய்களில் உள்ள ஆயிலின் அழுத்தம் ஒரே சமயத்தில் எங்கும் பரவுகிறது. பின் ஷூக்கள் டிரம்மைத் தொடும்வரை ஆயில் அங்கே ஓடிக்கொண்டிருப்பதால் அழுத்தம் ஏறாது. முன் பேட்களும் வலுவாகக் கவ்வா. அவசரத்தில் மிதிக்கும்போது அந்த நேரம் வீணாகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கால் நொடி வீணானாலும் வண்டி நான்கு மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்கும். 200 மி.மீ. விட்டமுள்ள டிரம் 200 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் 0.4 மி.மீ.க்கு மேல் விரியும். ஷூக்களிலிருந்து சுவர் விலகிப்போகிறது. குளிர்ந்திருக்கும்போதே இடைவெளி மிகுந்த வண்டி, மலை இறக்கத்தில் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இதை அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. நின்ற வண்டியில், எஞ்சின் ஓடும்போது, பெடலை ஒரு முறை மிதித்து எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். விட்டுவிட்டு உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாம் முறை பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் டிரம்மின் இடைவெளி மிகுந்திருக்கிறது. முதல் மிதிப்பில் விரிந்த ஷூக்கள் முழுதும் திரும்பும் முன்னரே இரண்டாம் மிதிப்பு வந்துவிடுவதே காரணம். பெடல் பஞ்சுபோல அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் ஆயில் எங்கோ கசிகிறது. அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டு போகலாகாது.

டிரம் பிரேக்கைச் சரிசெய்தல்

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதும் தளர்த்துங்கள். பின்புறத்தை ஜாக்கியால் தூக்கியதும் உறுதியான தாங்கிகளின் மேல் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையோ தலையோ நீட்டலாகாது. முன்பின் பழகாதவர்கள் நல்ல மெக்கானிக் ஒருவர் செய்வதை அருகில் நின்று ஒரு முறை பார்த்த பிறகே தொட வேண்டும்.

முதலில் டிரம்மைக் கழற்றி லைனிங்கின் பருமனைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைந்திருந்தால் சரிசெய்வதில் பொருளில்லை. ஷூக்களை மாற்ற வேண்டும். சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் தெரிந்தால் ஆயில் கசிகிறது. டிரம் வராமல் அடம்பிடித்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். வார்ப்பிரும்பு விரிசல் விடும். பல டிரம்களின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். பொருத்தமான போல்ட்டுகளை அவற்றில் மாறிமாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும்.

பல்சக்கரத் திருகைக் கழற்றித் துருவை நீக்கி, மரையில் சிறிது உயர்வெப்ப கிரீஸ் இட்டுக் கையால் சுழல்கிறதா என்று பாருங்கள். டிரம்மைத் திரும்பப் பொருத்துங்கள். பின்தட்டில் உள்ள ரப்பர் மூடியை நீக்கி, அத்துளை வழியே திருப்புளியால் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்புங்கள். சக்கரத்தைக் கையால் சுற்ற முடியாத நிலை வரும். அப்போது பெடலை இரண்டு மூன்று முறை நன்றாக மிதியுங்கள். ஷூக்கள் நடுவில் வந்து அமரும். மறுபடி சுற்றிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இன்னும் ஒரு பல் இறுக்குங்கள். பிறகு பல்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பி, சக்கரம் தடையின்றிச் சுழன்று, லேசான ஒரே சீரான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தளர்த்துவது முக்கியம்.

பிற்கால வண்டிகளில் இந்தத் திருகு தானே சரிசெய்துகொள்ளும் வகையில் அமைந்திருக்கும். அதனால் அதை மறந்துவிடலாம் என்பதில்லை. தூசியும் துருவும் ஏறினால் அதுவும் இறுகிவிடும். நண்பரின் வண்டியில் நடந்தது அதுதான்.

இவை எல்லாம் முடிந்த பின்னரே ஹேண்ட் பிரேக்கின் கம்பியைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறுவதுதான் பெருந்தவறு. ஹேண்ட் பிரேக் நெம்பு வழக்கத்தைவிட உயரமாக வருகிறதென்றால், உள்ளே இடைவெளி கூடிவிட்டது என்று அது சொல்கிறது. பலர் டிரம்மைத் திறக்காமல் கம்பியை மட்டும் இறுக்கிவிடுகிறார்கள். நெம்பு பழைய உயரத்துக்கு வந்துவிடும், மனமும் நிம்மதியடையும். ஆனால் இறுகிய கம்பி, ஷூவின் கைநெம்பை அதன் இருப்பிடத்துக்குத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு செயலிழக்கிறது. நண்பரின் வண்டிக்கும் இப்படி இரண்டு முறை கம்பி இறுக்கப்பட்டிருந்தது. அளவு காட்டும் முள்ளை வளைத்துவிட்டு, காய்ச்சல் தணிந்தது என்று சொல்வது போன்ற வைத்தியம் அது.

வேலை முடிந்ததும் ஆள்நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, மிதித்துப் பாருங்கள். சில கிலோமீட்டர் சென்று இரு பின்சக்கரங்களின் அருகிலும் கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல் தளர்த்துங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு செங்கல்லைச் சொரசொரப்பான மேசைமேல் வைத்து, அதில் ரப்பர் வளையங்கள் சிலவற்றைக் கோத்துக் கட்டி மெல்ல இழுங்கள். செங்கல் சீராக நகராது. நின்று, குதித்து, நின்று, குதித்துச் செல்லும். விரைந்து இழுத்தால் குதிப்பு மறையும். பிரேக் மெதுவேகத்தில் அதிகமாகக் கத்துவதன் காரணம் இதில் விளங்கும். அடுத்து, மெல்லிய கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, நனைந்த விரலால் அதன் விளிம்பைச் சுற்றி வாருங்கள். குவளை பாடும். நீரின் அளவை மாற்றினால் சுருதி மாறும். பேட்டின் முதுகில் ஒரு மெல்லிய தகடு சேர்த்தால் கத்தல் மாறுவதும் இவ்வாறே: அதிரும் அமைப்பு மாறினால் அதன் அதிர்வெண்ணும் மாறும்.

முன் பிரேக் கத்தினால் அது என்ன சொல்கிறது என்று கேட்டறியுங்கள். பின் பிரேக் கத்தாவிட்டாலும் வண்டிக்குரிய கையேடு சொல்லும் இடைவெளியில் திறந்து பாருங்கள். சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரையும் போட்டு, சக்கரத்தடியில் ஒரு கல்லையும் வையுங்கள். கொண்டபாளையத்தில் அன்று அந்த அம்மாளைக் காத்தது பிரேக் அல்ல. அவருடைய கண்ணும், எவரோ எடுத்துப்போட்ட ஒரு கல்லுமே.